ஆறு பேர் சஹன்

என் கணவர் முத்தலிபு கடைசியாக என் கண்முன் செய்த காரியம், ரோஸ் பாண் ரொட்டியின் கருகிய ஓரத்தைக் கடித்துத் தின்றதுதான். காலை ஏழு மணி இருக்கும். பருப்புக் கறி ஆறிவிட்டது என்று குறை சொல்லிக்கொண்டே மென்மையான நடுப்பகுதியை என் பக்கம் தள்ளிவிட்டு, ஓரத்தை மட்டும் எடுத்துப் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி நொறுக்கினார்.

"சத்தம் கேக்குதா?" என்றார்.

"கேக்குது" என்றேன்.

பிறகு புத்தளத்துக்குப் பக்கத்தில் பாலாவியில் இருக்கும் எங்கள் உப்பளத்துக்கு மோட்டார் சைக்கிளில் போனார். பதினொரு மணிக்கு ஆளை முச்சக்கர வண்டியில் கொண்டுவந்தார்கள். நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம்.

கணவனை இழந்தவள் வீட்டுக்குள்ளேயே இருக்கும் இத்தாவை நான் இருந்த நாலு மாதமும் பத்து நாளும் வந்துபோன பெண்கள் அவருடைய நல்ல குணங்களைச் சொன்னார்கள். பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கைகால் கழுவும் ஹவ்லுக்கு ஓடு போட்டது, கூலிக்காரரை நோன்பு காலத்தில் லுஹர் தொழுகைக்கு முன்னமே வீட்டுக்கு அனுப்பியது எல்லாம் சொன்னார்கள். அவருடைய வாயைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் ஊர் முழுக்க அதைத்தான் கதைத்தது. எனக்கு மறந்துபோவதற்குள் எழுதிவைக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

அவருடையது மூன்று தலைமுறையாக உப்பு விளைக்கும் குடும்பம். எங்கள் வீட்டுக்குப் பற்பசை வந்ததே மகள் றுஷ்னா பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகுதான். அவர் அதைத் தொட்டதில்லை. பாத்தியில் இருந்து வந்த கல்லுப்பை உள்ளங்கையில் கொட்டி, அடுப்புக்கரியோடு கலந்து, சுட்டுவிரலால் முரசைத் தேய்ப்பார். பல்லைப் பிடித்திருக்கும் சதையைத்தான் நாங்கள் முரசு என்போம். நறுக்கின கண்ணாடி மாதிரி இருக்கும் அந்தக் கல்லுப்பு. துப்பும்போது சிவப்பாக வரும்.

"கெட்ட ரத்தம் போகுது. நல்லம்தானே" என்பார்.

எட்டு வருடம் போயும் அந்தக் கெட்ட ரத்தம் தீர்ந்தபாடில்லை. முரசு வீங்கி, ஊதா நிறமாகி, பல்லை விட்டுக் கழன்று நின்றது. அதோடு ஒரு மணமும் வந்தது. களப்பு வற்றும் காலத்தில் கரையோரச் சேற்றில் இருந்து எழும்பும் மணத்தோடு கராம்பைச் சேர்த்தால் எப்படி இருக்குமோ அப்படி. கராம்பை அவர் வெற்றிலையோடு மெல்லுவார். தனக்கு ஒரு மணமும் இல்லை என்ற நம்பிக்கை அந்தக் கராம்பினால் வந்தது.

எங்கள் பக்கத்தில் கல்யாணம், கந்தூரி என்றால் சஹனில்தான் சோறு. ஒரு பெரிய தட்டைச் சுற்றிப் பாயில் ஆறு பேர். எல்லாரும் ஒரே தட்டில் கைவைத்து, தோளோடு தோள் இடித்துக்கொண்டு சாப்பிடுவோம். பாதியில் எழும்புவது வழக்கமில்லை. ஆறு பேரும் முடித்துத்தான் கை கழுவ வேண்டும். ஆறு தலை ஒரு தட்டின் மேல் குனிகிறபோது ஒருவர் விடும் மூச்சு மற்ற ஐந்து பேருக்கும் சொந்தம். இவர் போய் உட்கார்ந்ததும் பக்கத்தில் உட்கார வந்த ஆள் தூரத்தில் யாரையோ கண்ட மாதிரிக் கையைக் காட்டிவிட்டு நழுவிவிடுவார். இரண்டு பேர், சில நாள் ஒருவர் மட்டும் மிஞ்சுவார். அவருக்கும் மூக்கடைத்த தடிமனாக இருக்கும்.

வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொல்வார்: "இன்டைக்கும் எனக்குப் பெரிய சஹன். ஆறு பேருட சாமான் ரெண்டு பேருக்கு. ஊருல வெச்சிரிக்கிற மரியாத அப்பிடி."

நான் வட்டிலப்பம் எப்படி இருந்தது என்று கேட்டுக் கதையை மாற்றிவிடுவேன்.

றுஷ்னாவுக்குத் தில்லையடியில் இருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை அஃப்ராஸ், பாடசாலையில் கணக்கு ஆசிரியர். அவருடைய தகப்பன் நிஸார் ஹாஜியார், தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்களை வெளியேற்றியபோது யாழ்ப்பாணத்தில் இருந்து வெறுங்கையோடு இடம்பெயர்ந்து வந்து, சின்னதாக ஒரு கடை போட்டு முன்னேறிய மனிதர். றுஷ்னாவுக்கும் அஃப்ராஸுக்கும் ஏற்கெனவே ஒருவரையொருவர் பிடித்திருந்தது. அது எங்களுக்குத் தெரியாது என்று அவர்களும், தெரியும் என்பதை அவர்களுக்குத் தெரியவிடாமல் நாங்களும் இருந்தோம்.

கல்யாணம் பேசி முடித்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பாடு. சம்பந்திமார் இருவரும் ஒரே சஹனில். நான் அறை வாசல் திரைக்குப் பின்னால் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் கணவர் சந்தோசத்தில் நிஸார் ஹாஜியாரின் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து உப்பு விலையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். ஹாஜியார் ஒரு பிடி தின்றார். இரண்டாவது பிடி. மூன்றாவது பிடியோடு முகம் சுருங்கியது. "எனக்குக் கேஸ்டிக். குறை நினைக்காதேங்கோ" என்று எழும்பி முற்றத்துக்குப் போய்விட்டார்.

அவர்கள் போனபிறகு என் கணவர் கதிரையில் உட்கார்ந்து சால்வையை உதறினார்.

"கேஸ்டிக் உள்ள மனிசன் இறைச்சியில மூணு பிடி தின்னுவானா? என்ட சஹன்ல இரிந்து எழும்பினவன் இந்த ஊருல ஒருத்தனும் இல்ல."

அது உண்மைதான். எழும்பியவர்கள் இல்லை. உட்காரவே இல்லையே.

"யாழ்ப்பாணத்துப் பெருமை. உப்பளத்தான் வீட்டுச் சோறு அவருக்கு எறங்காது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சி கடிதம் எழுதுவம். இந்தக் கலியாணம் நடக்காது."

றுஷ்னா குசினிக்குள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உம்மா, வாப்பாக்கு நீங்கதான் சொல்லணும்" என்றாள். என்ன சொல்ல வேண்டும் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எனக்கு ஐந்து நாள் இருந்தது. திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் கொடுக்கும் முரசு நோய்த் துண்டுப்பிரசுரம் ஒன்றைத் தேடியெடுத்து அவருடைய கதிரையில் வைத்தேன். இரத்தம் கசிதல், வீக்கம், துர்நாற்றம், பல் ஆடுதல் என்று எல்லாம் படத்தோடு இருந்தது. மாலையில் பார்த்தால் அதில் வெற்றிலையைச் சுற்றி இடுப்பில் செருகியிருந்தார்.

புதன்கிழமை ஸப்வான் மௌலவியின் மனைவி அலீமாவிடம் போனேன். வெள்ளிக்கிழமை குத்பாவில் பல் சுத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லும்படி மௌலவியிடம் கேட்கச் சொன்னேன். அலீமா என்னைத் தாத்தா, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவாள்; யாருக்காக என்று கேட்கவே இல்லை. "இத நீங்க முன்னமே கேட்டிரிக்கணும் தாத்தா. எங்கட அவர் தொழுவிக்காத நாளையில முத்தலிபு நானாட ஸப்ஃபுக்குப் பின் வரிசைலதான் நிக்கிறார்" என்றாள்.

மௌலவி நன்றாகவே பேசியிருக்கிறார். மிஸ்வாக் குச்சியால் பல் துலக்குவதன் சிறப்பு, வாயின் நாற்றத்தால் பக்கத்தில் இருப்பவருக்கு வரும் நோவினை, இருபது நிமிடம். என் கணவர் முகமெல்லாம் வெளிச்சமாக வீட்டுக்கு வந்தார்.

"இன்டைக்குக் குத்பா கேட்டிரிக்கணும் புள்ள. பக்கத்துல இரிக்கிறவனுக்கு நோவினை குடுக்கப்படாதாம். அப்பிடியே நிஸாருக்குச் சொன்ன மாதிரி. நான் திரும்பித் திரும்பி அந்த மனிசனத் தேடினேன். தில்லையடிப் பள்ளில இரிந்திருப்பார். நட்டம்."

சாப்பிட்டு முடித்ததும் கொப்பியையும் பேனையையும் என் முன்னால் வைத்தார். வீட்டில் கடிதம், மனு என்றால் என் கைதான்.

"எழுது. மதிப்புக்குரிய நிஸார் ஹாஜியார் அவர்களுக்கு. மதிப்புக்குரிய எண்டத வெட்டு. சரி, இரிக்கட்டும். எனது சஹனை அவமதித்து நீங்கள் எழும்பிய காரணத்தை நான் அறிவேன். எழுதிட்டியா?"

"ஓம்."

அவர் சொல்லிக்கொண்டே போனார். குடும்ப கௌரவம் வந்தது, யாழ்ப்பாணம் வந்தது, அவருடைய பாட்டனாரின் உப்பு வண்டிகள் வந்தன. நான் எழுதிக்கொண்டே இருந்தேன். கடைசியில், "வாசி, கேப்பம்" என்றார்.

வாசித்தேன்.

"நீங்கள் எழும்பிய காரணத்தை நான் அறிவேன். எனது முரசில் சீழ் பிடித்து எட்டு வருடமாகிறது. பல் தேய்த்தால் இரத்தம் வருகிறது. கீழ்ப்பல் நான்கு ஆடுகிறது. எனது வாய் மணத்தினால் பக்கத்தில் யாருக்கும் இருக்க ஏலாது. இதைச் சொல்ல எனது மனைவிக்கு இவ்வளவு காலமும் தைரியம் வரவில்லை. அவளையும் என்னையும் மன்னித்துக்கொள்ளவும்."

வெளியே பாண்காரனின் முச்சக்கர வண்டி தன் பாட்டைப் பாடிக்கொண்டு முழு ஒழுங்கையையும் கடந்து போனது.

"இது நான் சொன்னதா?"

"இல்ல."

சால்வை நுனியால் வாயை மூடிக்கொண்டார். அதற்குள் இருந்துதான் அடுத்த கேள்விகள் வந்தன.

"எட்டு வருசமா?"

"ஓம்."

"அப்ப அந்தப் பெரிய சஹன்?"

"மரியாத இல்ல."

"இன்டைக்குக் குத்பா?"

"நான்தான் சொல்லி வெச்சது."

"நிஸாருக்கு இல்லயா?"

"இல்ல."

சால்வையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். "உனக்கு?" என்றார்.

"நான் பழகிட்டேன்."

"பழகி இரிக்கக் கூடாது. மொத நாளே சொல்லி இரிக்கணும்" என்றார். அதில் கோபம் இருக்கவில்லை. கடிதத்தை நான்காக மடித்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதை அனுப்பவில்லை. கல்யாணத் திகதியும் மாறவில்லை. நாலு மாதம் இருந்தது. அதற்குள் ஐந்து பேர் பக்கத்தில் உட்காரக்கூடிய வாய் ஒன்று தனக்கு வேண்டும் என்றார்.

புத்தளம் டவுனில் டொக்டர் அன்ரன் என்று முரசு நோய் பார்க்கும் பல் வைத்தியர் இருந்தார். கற்பிட்டிக்காரர். மெல்லிய கம்பி ஒன்றை ஒவ்வொரு பல்லுக்கும் முரசுக்கும் இடையில் விட்டு, ஆழத்தை மில்லிமீற்றரில் அளந்து சொல்ல, தாதி எழுதினாள். "நாலு. ஆறு. ஏழு. எட்டு."

என் கணவர் வாயைத் திறந்தபடியே என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். உப்புத் தண்ணீரின் கடுமையை அளக்கிறவருக்கு எண் ஏற ஏற நல்லது. இருபத்தைந்தைத் தொட்டால்தான் பாத்தியில் உப்பு பூக்கும். கம்பியை எடுத்ததும் கேட்டார்: "எட்டு எண்டா காணுமா டொக்டர்?"

"மூணுக்கு மேல போகக் கூடாது" என்றார் டொக்டர். "என்ன தொழில் செய்றீங்க?"

"உப்பளம்."

"அப்ப உங்களுக்கு லேசா விளங்கும். பாத்தி ஓரத்தில காரை படியும்தானே? அது மாதிரி எச்சிலில இருந்து பல்லடியில படியும். அது கல்லாப் போனா பிரஷ்ஷுக்கும் வராது, உப்புக்கும் வராது. அதுக்குள்ள கிருமி குடியிருக்கும். அதுக்குப் பயந்து முரசு பல்ல விட்டு விலகும். உள்ளுக்கு எலும்பு இருக்கு, அதுதான் பல்லுக்கு வரம்பு. கிருமியோட சண்ட பிடிக்கிறதில அந்த வரம்பும் கரையும். சீனி வருத்தம், அதான் நீரிழிவு, இருந்தா இன்னும் கெதியாக் கரையும். இருக்கா?"

"கொஞ்சம்."

"எவ்வளவு?"

"சொன்னா ஏசுவீங்க."

டொக்டர் ஏசினார். பிறகு சொன்னார்: "வரம்புக்குள்ள நண்டு வள போட்டா என்ன செய்வீங்க? மேலால மண் பூசுவீங்களா?"

"பூசினா நண்டு உள்ளுக்கு இரிந்து சிரிக்கும்" என்றார் இவர். "வரம்ப வெட்டித் தொறந்து, வளையத் தோண்டி, நண்ட எடுத்துப் போட்டுத்தான் திரும்பக் கட்டணும்."

"நான் சொல்ல இருந்தத நீங்களே சொல்லிட்டீங்க. அதுதான் ஒப்பரேஷன்."

இவருடைய முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது. தன் வாயால் தானே தீர்ப்புச் சொல்லிவிட்டது அப்போதுதான் விளங்கியது.

உடனே வெட்டவில்லை. முதலில் இரண்டு தவணையாக, மரக்கச் செய்து, முரசுக்கு அடியில் இருந்த காரையைச் சுரண்டினார். வந்ததை ஒரு கிண்ணத்தில் காட்டினார். கறுப்புக் கல். "மூணாந்தரம்" என்றார் என் கணவர், உப்பைத் தரம் பிரிக்கிறவர்போல. வெற்றிலையை நிறுத்தினார். சோற்றைப் பாதியாக்கினார். கல்லுப்பையும் விடச் சொன்னபோது மட்டும் வழக்காடினார்.

"பாதி நாடு எங்கட உப்பத்தான் தின்னுது டொக்டர்."

"தின்னட்டும். முரசுல தேய்க்க வேணாம்."

ஆறு கிழமை கழித்துத் திரும்ப அளந்தபோது, முன்பக்கம் மூன்றுக்கு இறங்கியிருந்தது. இரத்தமும் நின்றிருந்தது. வலது கீழ்க் கடவாயில் மட்டும் ஏழு. அதற்குள் கம்பியோ பிரஷ்ஷோ போய்ச் சேராது, திறந்துதான் ஆகவேண்டும் என்றார் டொக்டர். ஒரு இடத்தில் எலும்பு கிண்ணம் மாதிரிக் குழிந்திருக்கிறது, அதில் எலும்புத்தூள் வைக்கலாம் என்றும் சொன்னார்.

"எந்த மிருகத்துட எலும்பு?"

"மாடு."

"அறுத்ததா, செத்ததா?"

டொக்டர் பெட்டியை எடுத்து நாலு பக்கமும் திருப்பி வாசித்தார். "அது போடல்ல" என்றார். கடைசியில் தொழிற்சாலையில் செய்யும் செயற்கைத் தூள் ஒன்று இருப்பதாகச் சொன்னார். இவர் ஸப்வான் மௌலவிக்குத் தொலைபேசி எடுத்து, அதற்கும் அனுமதி வாங்கினார். மௌலவி எதற்கும் அனுமதி கொடுக்கும் மனநிலையில் இருந்தார்.

ஒப்பரேஷன் ஒன்றரை மணி நேரம். கதவு பாதி திறந்திருந்ததால் நான் பார்த்தேன். மரக்கும் ஊசி போட்டு, முரசைப் பல்லோரமாகக் கீறி, புத்தக அட்டையைத் திறப்பதுபோல் மடித்துவிட்டார் டொக்டர். உள்ளே பல்லின் வேர் தெரிந்தது. அதைச் சுரண்டி, கழுவி, தூளை வைத்து, முரசைத் திரும்ப மூடித் தைத்தார். என் கணவர் கலிமாவை ஓதிக்கொண்டு படுத்திருந்தார். இடையில் ஒரு தடவை கையைத் தூக்கினார். வலிக்கிறதா என்று டொக்டர் கருவிகளை எடுத்தார்.

"நண்டு இரிக்கிதா?" என்று கேட்டார் இவர்.

தையலுக்கு மேல் றோஸ் நிறத்தில் ஒரு பசையை அப்பி, இரண்டு நாளைக்குக் கதைக்கக்கூடாது, ஒரு கிழமைக்கு அந்தப் பக்கத்தால் மெல்லக்கூடாது, அங்கே பிரஷ் போடாமல் மருந்துத் தண்ணீரால் கொப்பளிக்க வேண்டும் என்று அனுப்பினார். முப்பத்தொரு வருடக் குடும்ப வாழ்க்கையில் அவர் கதைக்காத இரண்டு நாள் அவை மட்டும்தான். கொப்பியில் எழுதிக் காட்டுவார். முதலில் எழுதியது, கஞ்சிக்கு உப்பு காணாது என்பது.

காயம் ஆறியதும் முரசு சுருங்கி, பல்லெல்லாம் நீண்டு தெரிந்தது. இடைவெளியும் விழுந்திருந்தது. கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார். "குதிர மாதிரி இரிக்கி" என்றார். நோய் தின்ற இடம் திரும்ப வளராது, இருக்கிறதைத்தான் காப்பாற்றலாம் என்று டொக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். மணம் போய்விட்டது. அதை முதலில் சொன்னது றுஷ்னா. வாப்பாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, வேறு எதையோ சொல்வதுபோல் சொன்னாள்.

கல்யாணம் பெப்ரவரியில் நடந்தது. வலீமா விருந்துக்கு மாப்பிள்ளை வீட்டில் சஹன். என் கணவர் பாயில் உட்கார்ந்ததும் ஐந்து பேர் வந்து உட்கார்ந்தார்கள். ஏழாவதாக ஒருவர் வந்து இடமில்லாமல் திரும்பிப் போனார். அவர் திரும்பிப் போவதை இவர் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்ததைப் பெண்கள் பக்கத்தில் இருந்து நான் கண்டேன். வலது பக்கத்தில் நிஸார் ஹாஜியார்.

ஹாஜியார் ஒரு பிடி தின்றார். இரண்டாவது பிடி. மூன்றாவது பிடியோடு முகம் சுருங்கியது. எழும்பி வெளியே போனார்.

என் கணவரும் எழும்பினார். நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பின்கதவால் ஓடினேன். கிணற்றடியில் ஹாஜியாரின் முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நின்றார் இவர்.

"மணந்து பாருங்க."

"என்ன சம்பந்தி செய்யிறியள்?"

"வெக்கப்படாம மணந்து பாருங்க. வெட்டித் தொறந்து, நண்டெல்லாம் எடுத்துப் போட்டுத்தான் வந்திரிக்கேன். இன்னும் என்ன குற?"

ஹாஜியார் பயந்துபோய் ஒரு அடி பின்னால் வைத்தார். பிறகு ஜுப்பாப் பையில் இருந்து மாத்திரை அட்டை ஒன்றை எடுத்துக் காட்டினார். "கேஸ்டிக் எண்டு அண்டைக்கே சொன்னனே. இருவது வரியமா இருக்கு. மூண்டு வாய்க்கு மேல ஏலாது. மணக்கச் சொல்லுறியள், எனக்கு மூக்கே வேலை செய்யாது. கொரோனா வந்து போனதோட மணம் எல்லாம் போயிட்டுது. பிரியாணியும் ஒண்டுதான், பினாயிலும் ஒண்டுதான்."

என் கணவர் மெல்ல வாயை மூடினார். திரும்பி என்னைப் பார்த்தார்.

"ஜுனைதா, மூக்கில்லாத மனிசனுக்காகவா என்ட முரச வெட்டின?"

"மத்த எல்லாருக்கும் மூக்கு இரிக்கி" என்றேன்.  பிழை என்னுடையதுதான். எட்டு வருடமாக எனக்குத் தெரிந்த ஒன்று ஊரில் எல்லாருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டேன். தெரியாமல் இருந்தது இரண்டே பேருக்கு. அவர்கள் இருவரையும்தான் ஒரே சஹனில் இருத்தியிருந்தேன்.

அவர் சிரிக்கத் தொடங்கினார். நீளமான பல் எல்லாம் தெரிய, கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஹாஜியாரும், என்ன விசயம் என்று தெரியாமலே சேர்ந்துகொண்டார். பிறகு இருவரும் உள்ளே போனார்கள். அதற்குள் அந்தச் சஹனில் மற்ற நாலு பேரும் இறைச்சியை முடித்திருந்தார்கள்.

அந்தக் கதையை அவர் ஒளிக்கவில்லை. கடையில், பள்ளியில், உப்பு ஏற்ற வந்த லொறிக்காரனிடம்கூட வாயைப் பிளந்து, "மணந்து பாருங்க" என்று சொல்லிவிட்டுத்தான் கதையைத் தொடங்குவார். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை டொக்டர் அன்ரனிடம் போய்க் காட்டிவிட்டும் வருவார்.

ஒன்று மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்த எட்டு வருடமும் நான் அவருக்கு முதுகைக் காட்டி, சுவர்ப் பக்கம் திரும்பித்தான் படுத்தேன். அவர் கவனிக்கவில்லை என்றே நினைத்திருந்தேன். தையல் பிரித்த அன்று, "இனி இந்தப் பக்கம் திரும்பலாம்தானே" என்றார். திரும்பினேன். தூக்கம் வரவில்லை. மூன்று நாள் முயன்று பார்த்தேன். நாலாம் நாள் அவரே, "சரி புள்ள, ஒனக்குப் பழகின பக்கம் படு" என்று சொல்லிவிட்டார்.

இப்போது கட்டிலின் மற்றப் பக்கத்தில் யாரும் இல்லை. நான் சுவர்ப் பக்கம் திரும்பித்தான் படுக்கிறேன்.